மோட்டர் அறையைப் பார்த்து வீடு வாங்கப் போனவன்

லிப்ட் திருத்துகிறவனை ஒருவரும் சந்தோஷமான நேரத்தில் கூப்பிடுவதில்லை. பதினைந்து வருடமாக இதுதான் என் தொழில். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்குகிற ஒழுங்கைகளிலும் சரி, கொட்டாஞ்சேனையில் கோயிலும் சேர்ச்சும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற தெருக்களிலும் சரி, தொடர்மாடிகளில் பாதிக்கு மேல் எனக்கு அத்துப்படி. சிங்களக் காவலாளிகளுக்கு நான் 'லிப்ட் பாஸ்'. எங்கட சனத்துக்கு 'லிப்ட்காரத் தம்பி'. பெயர் ரஞ்சன் என்பது வீட்டுக்கும் வங்கிக்கும் மட்டும்தான் ஞாபகம்.

இத்தனை மாடி ஏறி இறங்கியும் ஒரு மாடியிலாவது எனக்கென்று ஒரு கதவு இல்லை. பன்னிரண்டு வருடத்தில் வெள்ளவத்தைக்குள்ளேயே ஐந்து வாடகை வீடு. ஐந்தாவது வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, பிளேன்டீயை ஆறுதலாகக் குடித்து முடித்துவிட்டு, லண்டனில் இருந்து மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறான், மூன்று மாதத்தில் வீடு வேணும் என்றார். அவர் படியிறங்க முன்னமே என் மனைவி வதனி சபதம் போட்டுவிட்டாள். இனிமேல் சாமிப் படம் மாட்ட ஒரு ஆணி அடிக்கிறதுக்கு ஒருவரிடமும் அனுமதி கேட்கமாட்டாளாம். வங்கியும் கடன் தர ஓம் என்றது. மூன்று மாதத்துக்குள் சொந்த வீடு! வாடகை வீட்டில் அலுத்த சகோதரங்களே, ஞாயிற்றுக்கிழமைகளில் புரோக்கருக்குப் பின்னால் படியேறி முழங்கால் தேய்ந்தவர்களே, உங்களுக்கு இது புதுக்கதை இல்லை. என்றாலும் கேளுங்கள்.

கடல் தெரிகிற வீடு

முதல் ஞாயிறு நாங்கள் போனது வெள்ளவத்தையில் ஒரு ஆறு மாடிக் கட்டிடம். புரோக்கர் இளந்தாரிப் பெடியன், சென்ட் வாசம் கேட்டிலேயே வந்துவிட்டது. வீடு ஆறாம் மாடியில். கடல் தெரியும் என்றான். தெரிந்ததுதான், குளியலறை யன்னலால், வாளியில் ஏறி நின்றால். வதனி ஏறவில்லை. நான் ஏறிப் பார்த்தேன். உண்மையில் வடிவான கடல்.

"லிப்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் அண்ணை. கட்டின நாளில இருந்து ஒருநாள்கூட நிண்டதில்லை" என்று அவன் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிக்கொண்டு இருந்தான். அந்த லிப்டுக்கு அந்த வருடம் மட்டும் நான் நாலு தரம் போயிருந்தேன். பொறுத்துக்கொண்டேன். கீழே இறங்கினால் காவலாளி என்னைக் கண்டுவிட்டு ஓடிவந்தார். "ஆ, பாஸ் ஆவனே! ஆயெத் ஹிரவெலா!" என்று என் கையைப் பிடித்து இழுக்கிறார். பாஸ் வந்துவிட்டார், திரும்பவும் இறுகிப்போச்சு என்கிறார். நாங்கள் வந்து இறங்கின கையோடு லிப்ட் இரண்டாம் மாடியில் நின்றுவிட்டது. புரோக்கர் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு மிகவும் மனவருத்தத்தோடு சொன்னான்: "அண்ணை, நீங்கள் ஆரெண்டு முதலே சொல்லியிருந்தா நான் வேற பொய் சொல்லியிருப்பன்."

பத்து ரூபாய்க் குற்றி

அடுத்த ஞாயிறு வதனிக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டம். நான் தனியாகப் போனேன். அதுவும் வெள்ளவத்தைதான், ஒன்பது மாடி, புதுக் கட்டிடம். லிப்டுக்குள் ஏறினதும் வழக்கம்போல ஒரு பத்து ரூபாய் நாணயக் குற்றியை எடுத்துத் தரையில் விளிம்பில் நிமிர்த்தி வைத்தேன். எங்கட தொழிலில் இதுதான் பரீட்சை. ஒன்பதாம் மாடி வரை போய்த் திரும்பக் கீழே வந்தோம். குற்றி அசையவில்லை! எனக்குப் புல்லரித்தது. மோட்டர் அறையைக் காட்டுங்கள் என்று கெஞ்சி மொட்டைமாடிக்கு ஏறினேன். உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் தரையில் இல்லை. வயர்கள் எல்லாம் நம்பர் கட்டி, வரிசையாக, கோயில் மூலஸ்தானம் மாதிரி. ஒரு மணித்தியாலம் அங்கேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்து வதனிக்கு மூச்சு விடாமல் சொன்னேன். மோட்டர், கயிறு, பிரேக், குற்றி எல்லாம் சொன்னேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும் எத்தனை அறை என்று கேட்டாள். குசினி எந்தப் பக்கம் என்றாள். வீட்டுக் கதவைத் திறந்து பார்க்கவே நான் மறந்துபோய் வந்திருக்கிறேன். வதனி எழும்பி உலையை இறக்கப் போகும்போது சொன்னாள்: "அப்ப ஒண்டு செய்வம். பிள்ளை மோட்டர் றூமில படிக்கட்டும், நான் லிப்டுக்குள்ள சமைக்கிறன், நீங்கள் குத்தியைப் பாத்துக்கொண்டு இருங்கோ."

உள்ளே இருந்த அதிபர்

அந்த ஒன்பது மாடியில்தான் மனதை வைத்திருந்தேன். குசினி பார்க்க அடுத்த ஞாயிறு வதனியையும் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தது. இடையில் புதன்கிழமை அங்கிருந்தே வேலைக்கு அழைப்பு வந்தது. நானும் என் சோடி நவாஸும் போனோம். நவாஸ் கொட்டாஞ்சேனைக்காரன், என்னோடு பத்து வருடமாக ஒரே கயிற்றைப் பிடிக்கிறவன். எவ்வளவு நல்ல லிப்டும் கதவுக்குள் குளிர்சாதனப் பெட்டியைச் செருகினால் நிற்கும்தானே. நாலாம் மாடிக்காரர் செருகியிருக்கிறார். இழுத்து எடுத்த பிறகு கதவு வளைந்து, லிப்ட் ஒரு பெரியவரோடு ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் போய் நின்றுவிட்டது. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், எழுபது வயதுக்கு மேல்.

ஆறாம் மாடி வாசலில் இருபது பேர். நாலாம் மாடி மூன்றாம் மாடியைத் திட்டுகிறது. மூன்றாம் மாடி கமிட்டியைத் திட்டுகிறது. கமிட்டித் தலைவர், பெட்டியைப் பக்கவாட்டில் கொண்டுபோகவேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினனான் என்று அதை எடுத்துக்கொண்டு வந்து உரத்து வாசிக்கிறார். உள்ளே ஒரு மனிசன் இருக்கிறார், ஐயா பயப்பிடாதேங்கோ என்று ஒரு வார்த்தை சொல்ல ஒருவர் இல்லை! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. முக்கோணச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தால் அதிபர் லிப்ட் மூலையில் சம்மணம் கட்டி இருக்கிறார், பேப்பர் மடியில். வெளியில் நடக்கிற சண்டையை ஒருக்கால் எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, குறை நினைக்காமல் கதவை ஒருக்காப் பூட்டிவிடும். உள்ளுக்குள்ளதான் நிம்மதியா இருந்தது."

கொழும்பு பதின்மூன்று

அந்த ஒன்பது மாடி மனதை விட்டு இறங்கிவிட்டது. குற்றி நின்றது நின்றபடிதான், ஆனால் எனக்கு அங்கே கால் வைக்கப் பிடிக்கவில்லை. இரண்டு மாதம் முடிந்து, கையில் இருந்தது நாலே நாலு கிழமை. வதனி படிப்பிக்கிற பள்ளிக்கூடம் கொட்டாஞ்சேனையில், தபால்காரனுக்குக் கொழும்பு பதின்மூன்று; பன்னிரண்டு வருடமாக இரண்டு பஸ் மாறிப் போய்வருகிறாள். அங்கேயே பார்த்தால் என்ன என்று அவள் கேட்டதும் அவளுடைய தமக்கை வனஜா அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வெள்ளவத்தையை விட்டு வெளியில் போவதென்றால் அது கனடாவாக இருக்கவேண்டும் என்பது அக்காவின் கொள்கை. எங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது. அக்கா அவளைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டு கேட்டா: "இந்தப் பிள்ளையின்ர கலியாணக் கார்டில கொழும்பு பதின்மூண்டு எண்டோ அடிக்கப் போறாய்?"

வேலைக்குப் போன இடத்தில் இதை நவாஸிடம் சொன்னேன். தன் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு ஐந்தாம் மாடி வீடு விலைக்கு வந்திருக்கிறது, சொந்தக்காரர் கனடாவில் இருக்கிறார் என்றான். கட்டிடத்தின் பெயரைக் கேட்டதும் எனக்குப் பகீர் என்றது. அந்த லிப்டுக்கு என்னைவிட வயது கூட. உதிரிப் பாகம் செய்தவனே இப்போது உயிரோடு இருக்கமாட்டான். கேபிள் வெட்டிக்கொண்டிருந்த நவாஸ் தலை நிமிர்த்தாமலே சொன்னான்: "மச்சான், வெள்ளவத்தைல நீ கடலப் பாத்துக்கிட்டு இருப்ப. கொட்டாஞ்சேனைல ஆக்கள் ஒன்னப் பாத்துக்குவாங்க."

நாற்பது நிமிடம்

சனிக்கிழமை பின்னேரம் போனோம். வதனி ஒரு நிபந்தனை போட்டாள். சாவியும் ஆயுதங்களும் இருக்கிற ரூல் பாக்கைத் தூக்கினால் அவள் வரமாட்டாள். வெறுங்கையோடு போனேன். அந்த லிப்டைக் கண்டதும் எனக்கு அதில் ஏற மனம் வரவில்லை. நான் படியால் வருகிறேன், நீரும் படியால் வாரும் என்றேன். அவளோ, உள்ளே நின்ற, அந்தக் கட்டிடத்திலேயே குடியிருக்கிற பிலோமினா அன்ரியும் இன்னும் இரண்டு பெண்களும் "வாங்க பிள்ளை, வாங்க" என்று கூப்பிட்டதும் ஏறிவிட்டாள். நான் மூன்றாம் மாடியைத் தாண்டும்போது அந்தப் பாழாய்ப்போன சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சத்தம். லிப்ட் நாலாம் மாடிக்குக் கீழே நின்றுவிட்டது. கதவில் ஒரு சாண் இடைவெளி, அவ்வளவுதான்.

ஊரார் லிப்டை எல்லாம் திறந்தவன், கட்டின மனிசி உள்ளே நிற்க, ஒரு சாவி இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். மோட்டர் அறைச் சாவி காவலாளியிடம், காவலாளி புறக்கோட்டையில். நவாஸ் அன்றைக்கு ஒருகொடவத்தையில் எங்கட ஸ்டோரில் வேலை. வாறன் மச்சான் என்றான், ஆனால் சனிக்கிழமை ரோட்டை உங்களுக்குத் தெரியும்தானே. கீழே மெயின் சுவிட்சை நிற்பாட்டச் சொல்லிவிட்டு, "வதனி, பயப்பிடாதையும்!" என்று கத்தினேன். உள்ளே இருந்து கொல்லென்று சிரிப்புச் சத்தம்.

அதற்குள் நாலாம் மாடிக் கதவுகள் எல்லாம் திறந்துவிட்டன. ஒருவர் விசிறி கொண்டுவந்து இடைவெளியால் கொடுத்தார். ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டு உள்ளே கதை கொடுத்தாள். பிளேன்டீ நாலு கிளாஸ் உள்ளே போனது, ஒன்று எனக்கும் வந்தது. யாரால் நின்றது, எவரால் நின்றது என்று ஒரு பேச்சு? மூச்! நவாஸ் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர நாற்பது நிமிடம். கதவைத் திறந்தால் வதனி தலை கலைந்து, முகம் எல்லாம் சிரிப்பாக வெளியே வருகிறாள். ஐந்தாம் மாடிக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு நூலாக வரும், எந்த அறைக்குள் பின்னேர வெயில் அடிக்கும், எந்த மீன்காரனை நம்பலாம், தேர் நாளில் எந்த வழியால் வீட்டுக்கு வரவேண்டும், எல்லாம் அவளுக்குப் பாடம். குசினியாவது பாரும் என்று நான் படியைக் காட்டினேன். அவள் அசையவே இல்லை. "குசினி பிலோமினா அன்ரி சொல்லிப்போட்டா, யன்னல் வலப்பக்கம். நீங்கள் கெதியா அந்தக் கனடா மனிசனுக்குப் போன் போட்டு வீட்டை எடுக்கிறம் எண்டு சொல்லுங்கோ."

ஏழு மாடியும் எடுத்த போன்

எடுத்தேன். கனடாக்காரர் மரியாதையாகத்தான் கதைத்தார். ஆனால் ஒரு டொக்டர் போன கிழமையே வந்து பார்த்துவிட்டாராம், காசோடு ரெடியாம், ஞாயிறு யோசித்துத் திங்கள் சொல்வாராம். எங்களுக்கு ஊசி குத்தின பலூன் மாதிரிப் போய்விட்டது. ஞாயிறு முழுக்க வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இன்னொரு வாடகை வீட்டுக்கு எந்தப் பெட்டியில் எதை அடுக்குவது என்று வதனி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள். அவளைப் பார்க்கவே எனக்குத் தாங்கமுடியவில்லை. அந்த வீடு கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

திங்கள் காலை நான் பம்பலப்பிட்டியில் ஒரு லிப்டின் கூரையில் நிற்கும்போது போன் அடித்தது. கையெல்லாம் கிறீஸ். நவாஸ்தான் போனைப் பிடித்து என் காதில் வைத்தான். கனடாக்காரர் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, நான் டொக்டருக்குத்தான் குடுக்கிறதா இருந்தனான். சனிக்கிழமை துவங்கி ஏழு மாடியும் எனக்குப் போன் அடிக்குது. டொக்டர் வேண்டாமாம், லிப்ட்காரன்தான் வேணுமாம். அதுகளோட என்னால ஏலாது, வீட்டு உறுதியை உம்மட பேரிலயே எழுதுவம்."

புதுக்கடை லோயர்

உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், பார்த்த லோயருக்குப் புதுக்கடையில் மூன்றாம் மாடியில் கந்தோர். லிப்ட் இல்லை. நாங்கள் மேல்மூச்சுக் கீழ்மூச்சு வாங்கப் போய் இருந்தோம். அவர் முப்பது வருடத்துப் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, ஒரு வில்லங்கமும் இல்லை என்றார். வதனி அங்கேயே கைகூப்பிக் கும்பிட்டாள். என் தொழிலைக் கேட்டதும் லோயர் கண்ணாடியைக் கழற்றினார்: "இருபது வருஷமா இந்தப் படியேறுறன், உங்களை ஏன் எனக்கு ஒருத்தரும் காட்டித் தரேல்லை?"

பால் காய்ச்சின நாள்

குடிபூரல் அன்று நல்லநேரம் காலை ஏழரையில் இருந்து ஒன்பது வரை. பானையும் பாலும் வனஜா அக்கா வெள்ளவத்தையில் இருந்து கொண்டுவருவதாக ஏற்பாடு. எட்டேகாலுக்கு அக்கா காஞ்சிபுரம் சேலையோடு வந்து லிப்டுக்குள் ஏறினா. உங்களுக்கு விளங்கியிருக்கும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், பானை, பால், பிலோமினா அன்ரி எல்லாவற்றோடும் நின்றுவிட்டது. இந்தத் தரம் என் ரூல் பாக் என் வீட்டில், என் கதவுக்குப் பின்னால்தானே இருந்தது! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் பறந்தேன். மெயினை நிற்பாட்டி, பிரேக்கைத் தளர்த்தி, சில்லைக் கையால் சுற்றச் சுற்ற, கீழே இருந்து நவாஸ் "இன்னுங் கொஞ்சம்! இன்னுங் கொஞ்சம்! போதும்!" என்று கத்துகிறான், ஒவ்வொரு மாடியும் அவனோடு சேர்ந்து கத்துகிறது.

எட்டு ஐம்பதுக்குப் பால் பொங்கி வழிந்தது. வலப்பக்க யன்னலால் வெளிச்சம் வந்து அடுப்பில் விழுந்தது. வதனி ஒருவரையும் கேட்காமல் சுவரில் ஆணி வைத்து, டமார் டமார் என்று தானே அடித்துப் பிள்ளையார் படத்தை மாட்டினாள். நான் கிறீஸ் கையோடு நின்று அழுதேன், வெட்கமில்லை. வனஜா அக்கா சேலையில் பட்ட பாலைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தா. ஏசிக் கிழிக்கப் போறா என்றுதான் நினைத்தேன். குரலைத் தாழ்த்திக் கேட்டா: "ரஞ்சன், ஆறாம் மாடியிலயும் ஒரு வீடு வருகுதெண்டு பிலோமினா அன்ரி லிப்டுக்குள்ள சொன்னவ, உண்மையே?"

பதினைந்து வருடமாக லிப்ட் நின்றால் போன் எடுங்கள் என்று ஊருக்கு நம்பர் கொடுத்துத் திரிந்த நான், கொழும்பிலேயே அதிகம் நிற்கிற லிப்டுக்குப் பக்கத்தில் சொந்த வீடு வாங்கி, போன் எடுக்காமல் கதவைத் தட்டுகிற சனத்துக்கு நடுவில் வந்து மாட்டிக்கொண்டேன்.