வாசலில் வைத்த ஸ்குவாஷ்

போன சனிக்கிழமை காலை, ஒஸ்லோவில், அம்மருட்டில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே, பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துச் சந்தியில், ஒரு பெரிய பச்சைக் காய் இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே குங்குமம். பக்கத்தில் நசுங்கிய தேசிக்காய்.

சுற்றி நாலைந்து நோர்வேக்காரர் நின்றார்கள். ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. நோர்வேக்காரர் ஒரு விஷயத்தில் ஆர்வமாக இருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற வக்த்மெஸ்தர் மட்டும் என்னைக் கண்டதும், "இது உங்கள் ஆட்களின் பண்டிகையா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"இல்லை, ஸ்குவாஷ்" என்றேன்.

பொய் இல்லை. அது ஸ்குவாஷ்தான். அதுவும் என்னுடைய ஸ்குவாஷ்! காம்புக்குக் கிட்ட என் மண்வெட்டி பட்ட தழும்பு அப்படியே இருந்தது. வளர்த்தவளுக்குத் தெரியாதா?

ஹவுகெட்டோ பக்கம் எனக்கு ஒரு சின்னத் தோட்டத்துண்டு இருக்கிறது. இந்த வருஷம் அதில் பூசணி இனத்து ஸ்குவாஷ் போட்டேன். அது ஒரு விசர்ப் பயிர். ஒரு கிழமை பார்க்காமல் விட்டால் கைக்குழந்தை அளவு. இரண்டு கிழமை விட்டால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இவர் மூன்றாம் நாளே, "இனி இதைக் கண்ணிலை காட்டாதை" என்று சொல்லிவிட்டார்.

அதனால் வியாழக்கிழமை பின்னேரம் ஒன்றைக் கொண்டுபோய் மூன்றாம் மாடியில் நித்யாவின் வாசலில் வைத்தேன். நித்யாவும் கார்த்திக்கும் சென்னையிலிருந்து வந்து மூன்று மாதம். அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. அவளுக்கு வயிற்றில் பிள்ளை. லிஃப்டில் முதல் நாள், "எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டேன். "ஸாரி ஆன்ட்டி, எனக்கு மலையாளம் தெரியாது" என்றாள். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இவருக்கும், தங்கச்சிக்கும், துரொண்ட்ஹெய்மில் படிக்கிற மகளுக்கும் மட்டும்தான் சொன்னேன்.

மணி அடிக்கவில்லை. மாசமாக இருக்கிற பெண், படுத்திருப்பாள், ஏன் எழுப்புவான்? காயை நடு வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

சந்தியில் கண்டதை வீட்டுக்கு வந்து இவருக்குச் சொன்னேன். இவர் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை அமாவாசையெல்லோ" என்றார்.

ஆருக்காவது வேலை மெனக்கெட்டு இப்படியொரு பொருத்தம் அமையுமா? எனக்கு அமைந்தது. இதிலே என்ன கொடுமை தெரியுமா... இந்தக் கதை எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது!

நான் இங்கிலாந்தில் வளர்ந்தவள். அப்பா டொக்டர். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது ஷ்ரொப்ஷயர் பக்கம் ஒரு ஊருக்குப் போனோம். தெரு ஒன்று, தேவாலயம் ஒன்று, மதுக்கடை மூன்று. அப்பாவுக்கு ஆறு மாதம் பரீட்சார்த்த வேலை. ஊருக்குப் பிடித்தால் நிரந்தரம். அம்மா சேலை கட்டிக்கொண்டு கடைக்குப் போவா. எல்லாரும் தலையாட்டுவார்கள், "குளிர்கிறது" என்பார்கள், போய்விடுவார்கள். அம்மாவும் அதற்கு மேல் ஒருவரோடும் கதைத்ததில்லை.

செப்டெம்பரில் ஒரு நாள் கதவைத் திறந்தால் படியில் இவ்வளவு பெரிய காய். பச்சைக் கோடு. அசல் நீத்துப்பூசணி மாதிரி. ஆளும் இல்லை, பேரும் இல்லை.

"தொடாதேங்கோ!" என்று அம்மா கத்தினா. "ஆரோ செய்வினை செய்து வச்சிருக்கினம்."

"விசர்க் கதை கதைக்காதை. இது இங்கிலாந்து" என்றார் அப்பா.

"ஏன், இங்கிலாந்திலை எரிச்சல் பிடிச்ச ஆக்கள் இல்லையோ?"

அப்பா சும்மா ஆளில்லை. லண்டனில் படித்த டொக்டர், மூடநம்பிக்கை கிடையாது. ஆனாலும் உள்ளே போய் ஒப்பரேஷனுக்குப் போடுகிற கையுறையைப் போட்டுக்கொண்டு வந்துதான் காயைத் தூக்கினார். அம்மா அதை வீட்டைச் சுற்றிக் கொண்டுவரச் செய்தா. பிறகு பாலத்துக்குப் போய், காயின் மேலே கற்பூரத்தைக் கொளுத்தி, ஆற்றில் போட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் வந்தோம்.

திரும்பிப் பார்த்திருக்கலாம். பாலத்துக்குக் கீழே பக்கத்து வீட்டு மிஸ்டர் ஹோவெல்ஸ் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோட்டம் கொத்தும்போதும் டை கட்டியிருப்பார். அவர் ஆசையாக வளர்த்து, புதிதாக வந்த டொக்டர் குடும்பத்துக்கென்று விடியக்காலை படியில் வைத்த காய், தலையில் நெருப்போடு வந்து அவருக்குப் பக்கத்தில் தொப்பென்று விழுந்தது.

நீங்களோ நானோ என்றால் என்ன செய்வோம்? பாலத்தில் ஏறி வந்து சட்டையைப் பிடிப்போம். அவர் ஆங்கிலேயர். காய் தரம் போதாது போல என்று நினைத்துக்கொண்டார். அடுத்த கிழமை அதைவிடப் பெரிய காய் ஒன்றை வைத்தார்!

அதுவும் ஆற்றுக்குப் போனது. மூன்றாவது வந்ததும் அம்மா நித்திரையை விட்டா, சாப்பாட்டை விட்டா, சூட்கேஸை இறக்கினா. "இன்னொண்டு வந்தால் நான் பிள்ளையளோடை யாழ்ப்பாணம். நீங்கள் இஞ்சை இருந்து இவையளுக்கு ஊசி போடுங்கோ." அம்மாவை நான் அவ்வளவு பயந்து பார்த்ததில்லை. எனக்கும் பயம்தான். படியைப் பார்க்காமல் பின்கதவால் பள்ளிக்கூடம் போனேன்.

அந்தச் சனிக்கிழமை மணி அடித்தது. மிஸ்டர் ஹோவெல்ஸ். டை, தொப்பி, கக்கத்தில் நாலாவது காய்.

"டொக்டர், தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும். என் காயில் ஏதாவது குறையா?"

அப்பா திரும்பி அம்மாவைத் தேடினார். மருத்துவக் கல்லூரியில் இதற்குப் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. பின்னாலிருந்து அம்மா எட்டிப் பார்த்தா. "இவரோ வச்சவர்?" என்று தமிழில் கேட்டா. வந்து காயை அவர் கையிலிருந்து வாங்கினா. வெறும் கையால். தட்டிப் பார்த்தா. அரை மணித்தியாலத்தில் பால்கறி வைத்து, அவரை மேசையில் இருத்தி, சோறும் போட்டா. வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டார். டையைக் கழற்றவில்லை. "சுவாரசியமாக இருக்கிறது" என்றார். பிறகு இன்னொரு கரண்டி கேட்டார்.

சூட்கேஸ் திரும்பவும் அலுமாரிக்கு மேலே ஏறியது. அந்த ஊரில் நாங்கள் பதினொரு வருஷம் இருந்தோம்.

பிறகு நானும் நேர்ஸாகி, கல்யாணம் கட்டி ஒஸ்லோவுக்கு வரும்வரை, சின்னக் காரில் அந்தப் பக்கத்துக் கிராமமெல்லாம் சுற்றிப் புண்ணுக்கு மருந்து கட்டினேன். அப்போதுதான் மீதி உண்மை விளங்கியது. கோடை முடிவில் அந்தக் காய் ஒருவருக்கும் வேண்டாம்! எல்லார் தோட்டத்திலும் காய்க்கும். எல்லாரும் மற்றவர் வாசலில் வைத்துவிட்டு ஓடுவார்கள். செவ்வாய்க்கிழமை நான் ஊரின் இந்த முனையில் வைத்த காய், வெள்ளிக்கிழமை அந்த முனையில், "உனக்கென்று எடுத்து வைத்தேன்" என்று என் கைக்கே திரும்பி வந்திருக்கிறது. அயலவர் அன்பு என்பது பாதி அன்பு. பாதி, வீட்டில் இடமில்லை.

சரி, நித்யாவுக்கு வருவோம்.

ஞாயிற்றுக்கிழமை லிஃப்டில் கார்த்திக்கைக் கண்டேன். முகம் செத்துப்போயிருந்தது. "நித்யா ஊருக்குப் போறேங்கிறா ஆன்ட்டி. அமாவாசையன்னிக்கு யாரோ வாசல்ல பூசணிக்காய் வச்சுட்டுப் போயிட்டாங்க, சுத்திப் போட்டு உடைச்சும் பயம் போகல. அவ அம்மாவுக்கு போன் பண்ணா, அவங்க இன்னும் பயமுறுத்திட்டாங்க. ராத்திரி பூரா அழுகை. டெலிவரி முடிஞ்சாலும் இங்க வரமாட்டாளாம்."

இவரிடம் சொன்னேன். "வாயை மூடிக்கொண்டு இரு, தானாச் சரிவரும்" என்றார். இவர் நோர்வேக்காரராகிக் கனகாலம்.

வீட்டில் கிடந்த கடைசி ஸ்குவாஷைத் தூக்கிக்கொண்டு போய் மணி அடித்தேன்.

நித்யா கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது. என் கையைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"அது நான்தான் வச்சனான் பிள்ளை" என்றேன்.

உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அவள் வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "நான் உங்களுக்கு என்ன ஆன்ட்டி பண்ணேன்?" என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேள்வி நெஞ்சில் அடித்தது. எத்தனையோ பிரசவத்துக்குத் துணை நின்றவள் நான். விளக்கம் சொல்லத் தொடங்கினால் அது மலையாளமாகத்தான் கேட்கும். நேரே குசினிக்குள் போனேன். கத்தி எடுத்தேன், வெட்டினேன், தேங்காய்ப்பாலுக்குப் பதில் ஃபிரிட்ஜில் இருந்த பாலை விட்டேன். அவள் கதவோரம் நின்றே பார்த்தாள். கறி இறங்கியதும் முதல் வாய் நான் சாப்பிட்டேன். இரண்டாம் வாயும் நான்தான். மூன்றாம் வாயின்போது அம்மாவையும் மிஸ்டர் ஹோவெல்ஸையும் பற்றிச் சொன்னேன். தலையில் நெருப்போடு காய் விழுந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அழுதாள்.

"இங்க யாருமே கதவைத் தட்டறதில்ல ஆன்ட்டி" என்றாள். "மூணு மாசத்துல நீங்கதான் முதல் ஆளு."

பிறகு தட்டை நீட்டினாள். ருசி பார்த்துவிட்டு, "உப்பு இல்ல" என்றாள். பிள்ளைத்தாச்சியிடம் சண்டை பிடிக்கக்கூடாது.

ஊருக்கு டிக்கெட் இப்போதைக்கு எடுக்கவில்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குள் நானும் கூட வர வேண்டும் என்பது நிபந்தனை. நான் ஓம் என்றேன்.

இன்றைக்குக் காலை இவர் பேப்பர் எடுக்கக் கதவைத் திறந்தார். வாசலில் ஒரு எவர்சில்வர் டப்பா. மூடியிருந்தது. ஆளும் இல்லை, பேரும் இல்லை. இருபது வருஷமாக நோர்வேயில் இருக்கிற, படித்த, மூடநம்பிக்கை இல்லாத மனிதர். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மெதுவாக என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சை... உன்ரை நேர்ஸ் வேலைக் கையுறை எங்கை கிடக்குது?"