பெயின்ட் ஷாப் மாதேஸ்வரியின் பழங்கால மேக்கப்

ஓசூர் சுற்றுவட்டாரத்தில் "பழைய மேக்கப் மாதேஸ்வரி" என்று கேட்டால் எந்தக் கல்யாண மண்டபத்திலும் வழி சொல்வார்கள். கண்ணுக்கு வால் இழுத்து, உச்சி முடியைப் புடைத்து நிறுத்தி, காதோரம் ஒரு சுருளைத் தொங்கவிட்டு அவள் ஒரு பெண்ணை மணையில் உட்கார வைத்தால், கேமராக்காரன் தானாகவே கறுப்பு வெள்ளைக்கு மாறிவிடுவான். அறுபதுகள் வேண்டுமா, எழுபதுகள் வேண்டுமா, பத்து வருஷ வித்தியாசத்தை ஒரு புருவத்தில் காட்டிவிடுவாள். பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி வந்து, ரிசப்ஷனுக்கு ரெட்ரோ வேண்டும் என்று கன்னடத்தில் கேட்கிறவர்கள் உண்டு. அவர்களோடு கன்னடத்தில், பேரிகைப் பக்கத்துக்காரர்களோடு தெலுங்கில், மற்றவர்களோடு தமிழில் என்று அவள் வாயும் ஓயாது.

பழசின் மேல் அப்படி என்ன பிரியம் என்று எல்லோரும் கேட்பார்கள். பிரியமாவது ஒன்றாவது! பளபளவென்று மின்னுகிற இந்தக் காலத்து மேக்கப்தான் அவளுக்கு உயிர். போன் திரையில் யாராவது கன்னத்தில் அதைத் தேய்ப்பதைப் பார்த்தால் சோறு ஆறிப்போவது தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். அதைத் தொடத்தான் அவளுக்குக் கொடுப்பினை இல்லை.

ஏனென்றால் அவள் வாரத்தில் ஆறு நாள் இருப்பது சிப்காட்டில், பைக் பெட்ரோல் டாங்குக்குப் பெயின்ட் அடிக்கிற ஒரு கம்பெனியில். கெலமங்கலம் பக்கம் அடுத்தவர் காட்டில் தக்காளி பறித்த குடும்பத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறிய முதல் ஆள் அவள்தான். பெயின்ட் ஏறுவதற்கு முன்னால் டாங்கைத் துணியால் துடைத்து உள்ளே அனுப்புவது அவள் வேலை. டாங்கைத் தொடுகிற கடைசிக் கை அவளுடையது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லாமல் என்ன?

பெயின்ட் அடிக்கிற அந்தப் பிரிவைப் பெயின்ட் ஷாப் என்பார்கள். அதற்கு ஒரே ஒரு எதிரி, சிலிக்கோன். இந்தக் காலத்து கிரீம், சீரம், பவுண்டேஷன், முடிக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அதில் ஒரு பொட்டு டாங்கில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகி, அம்மைத் தழும்பு போலக் குழி விழும். சோப்புக்கும் அது லேசில் அசையாது. அதனால் அங்கே வேலை செய்கிற பெண்களுக்கு முகத்தில் ஒன்றும் கூடாது. பவுடர் கூடாது, மை கூடாது, பூ கூடாது. தாலியும் சாமிக் கயிறும் மட்டும் போனால் போகிறது என்று விட்டிருந்தார்கள். வாரத்துக்கு ஒரு ஞாயிறு கிடைக்கிறதே, அன்றைக்குப் போட்டுக்கொள்ளலாமே என்றால், திங்கள் வரைக்கும் அது முடியில் தங்கியிருக்கும். மாதேஸ்வரி தன் கல்யாணத்துக்கே கழுவித் துடைத்த முகத்தோடுதான் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையோ என்று குசுகுசுத்தார்கள்.

அந்தக் கோபத்தில்தான் ஒருநாள் அவளுக்குப் புத்தி வேலை செய்தது. அந்தக் காலத்துக் கல்யாணப் படங்களில் பெண்கள் எவ்வளவு அழகாக இருக்கிறார்கள்! அவர்களிடம் சிலிக்கோன் ஏது? விளக்குக் கரியில் மை கூட்டினாள். பவுடரை ஈரத் துணியில் ஒற்றி ஒற்றிப் படிய வைத்தாள். உதட்டுக்கு பீட்ரூட், கன்னத்துக்கு ஒரு சிட்டிகை குங்குமம். ஸ்பிரேக்குப் பதில் ஆளிவிதையைக் கொதிக்க வைத்து எடுத்த கொழகொழப்பு, அதைத் தடவினால் காதோரச் சுருள் சாயங்காலம் வரை அசையாது. ஒவ்வொன்றையும் ஞாயிற்றுக்கிழமை தன் முழங்கையில் பூசிக் கழுவிவிட்டு, திங்கட்கிழமை முழங்கையை ஒரு பழைய தகட்டில் பதித்து, பெயின்ட் அடிக்கிற கரியப்பனிடம் கொடுப்பாள். அவனும் யாருக்கும் தெரியாமல் அதற்கு ஒரு கை பெயின்ட் அடித்து, அதைக் காயவைக்கிற அடுப்புக்குள் விடுவான். குழி விழாமல் வந்தால் அந்தச் சாமான் பாஸ். இப்படித்தான் பெயின்ட் ஷாப் பெண்கள் தங்கள் கல்யாணத்துக்கு மை தீட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். வெளியாட்கள் அதைப் பார்த்து ரெட்ரோ என்று பேர் வைத்தது பிறகு நடந்த கதை.

போன தையில் தர்ஷினிக்குக் கல்யாணம் வந்தது. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், அதே லைனில் டாங்குகளைக் கொக்கியில் மாட்டுகிறவள். ஒப்பந்தத்தில் இருந்தாள். கல்யாணம் முடிந்த அந்த வாரம்தான் யார் யாரை நிரந்தரம் ஆக்குவது என்று கம்பெனி முடிவு செய்ய இருந்தது. அந்த நேரத்தில் அவள் பேரில் ஒரு புகார் வந்தாலும் போயிற்று, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

பெண்ணுக்கோ பழைய மேக்கப் பிடிக்கவே இல்லை. "யக்கா, நான் என்ன பாட்டியா? எல்லா பொண்ணும் டாலடிக்கா, நான் மட்டும் சுவரொட்டி கணக்கா நிக்கணுமா?" என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லியாடி? ஒரு நாள் மினுக்கிட்டு வேலைய தொலைக்கப் போறியா? உக்காருடி சும்மா" என்று மாதேஸ்வரி அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். ஆனால் அந்த முகத்தில் அவள் வேலை செய்த மாதிரி வேறெந்த முகத்திலும் செய்ததில்லை. முடித்துக் கண்ணாடியைக் காட்டியபோது தர்ஷினி முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "யக்கா, நானா இது?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, பேரிகையில் மண்டபம். முகூர்த்தத்துக்குப் புறப்படுகிற நேரம், மாப்பிள்ளையின் அத்தை சம்பங்கி மணப்பெண் அறைக்குள் வந்தாள். நல்ல மனுஷிதான், கை சும்மா இருக்காது, அவ்வளவே. "ஐயே, பொண்ணு தல டல்லா இருக்குதே! இத அடிச்சா எப்பிடி மின்னும் பாரு" என்று கைப்பையிலிருந்து ஒரு ஷைன் ஸ்பிரேயை எடுத்துக் குலுக்கிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல நேரமில்லை. மாதேஸ்வரி குறுக்கே பாய்ந்து பெண்ணின் தலைக்கு முன்னால் தன் வலது கையை நீட்டினாள். புஸ்ஸென்று வந்தது முழுவதும் அவள் கையில் இறங்கியது.

"பைத்தியமா உனுக்கு?" என்றாள் சம்பங்கி. எல்லோரும் சிரித்தார்கள். மாதேஸ்வரியும் சிரித்துவிட்டுப் போய்க் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். அன்று வீட்டில் சீயக்காய் போட்டுத் தலை முழுகினாள். பெண்ணின் மேல் ஒரு சொட்டு படவில்லை என்பதில் அவளுக்கு அப்படியொரு திருப்தி.

திங்கட்கிழமை லைனைச் சுத்தம் செய்ய நிறுத்தியிருந்தார்கள். செவ்வாய் காலை தர்ஷினி புதுத்தாலியோடும் கழுவித் துடைத்த முகத்தோடும் வேலைக்கு வந்தாள். முதல் வரிசை டாங்குகள் அடுப்பிலிருந்து வெளியே வந்தன. எல்லாவற்றிலும் குழி.

ஷிப்ட் இன்ஜினியர் ராஜேஷ்குமார் கெட்டவன் இல்லை. ஆனால் மேலிடத்திலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது, அவனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நேராகப் புதுப்பெண்ணிடம்தான் வந்தான்.

"என்னம்மா போட்டிருந்த கல்யாணத்துக்கு?"

"மையும் பவுடரும்தான் சார். எல்லாத்தையும் கழுவிட்டேன், சத்தியமா."

"வெளிய போய் உக்காரு. டீ முடிஞ்சதும் நீ இல்லாம ஓட்டிப் பாக்கறோம். குழி நின்னுடுச்சின்னா அப்புறம் பேசறதுக்கு ஒன்னும் இல்ல."

தர்ஷினி திரும்பி மாதேஸ்வரியைப் பார்த்தாள். உன்னை நம்பித்தானே அக்கா உட்கார்ந்தேன் என்று அந்தப் பார்வை கேட்டது. மாதேஸ்வரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். நம் மையிலா கோளாறு? இத்தனை பெண்களுக்குப் போட்டு ஒரு குழி விழுந்ததில்லையே!

அவள் ஒதுக்கி வைத்திருந்த டாங்குகளிடம் போய்க் குனிந்து பார்த்தாள். குழிகள் கொக்கி மாட்டுகிற இடத்தில் இல்லை. வலது பக்கம், கீழ் ஓரத்தில், ஒரே கோடாக இருந்தன. துடைக்கும்போது அவள் மணிக்கட்டு உரசுகிற இடம். கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விழும். அங்கே மாரியம்மன் திருவிழாவில் கட்டிய சிவப்புக் கயிறு கிடந்தது. அதுவாக அறுந்து விழும்வரை கழற்றக் கூடாது என்று கட்டியது. கையைக் கழுவினாள், தலையைக் கழுவினாள், கயிறு ஸ்பிரேயைக் குடித்திருக்கும் என்று தோன்றவே இல்லை.

டீ நேரத்தில் ஒரு தகட்டை எடுத்து அதில் கயிற்றை அழுத்தினாள். கரியப்பன் ஒன்றும் கேட்காமல் பெயின்ட் அடித்து அடுப்புக்குள் விட்டான். வெளியே வந்த தகட்டில் கயிறு பட்ட இடம் முழுக்கக் குழி.

கரியப்பன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அறுத்து டஸ்ட்பின்னுல போடுக்கா" என்றான். "குழி நின்னுடும். யாரும் உன்னைய ஒன்னும் கேக்க மாட்டாங்க."

உண்மைதான். யாரும் கேட்க மாட்டார்கள். குழி நின்றுவிடும், பார்த்தாயா அந்தப் பெண் போனதும் சரியாகிவிட்டது என்பார்கள். மாதேஸ்வரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் அவள் மனசு தடுமாறத்தான் செய்தது. அந்த இடத்தை விட்டால் கம்பெனியில் அவளுக்கு வேறெந்த வேலையும் தெரியாது. கடைசிக் கை என்ற பேரை வாங்க எத்தனை வருஷம் முகத்தில் ஒரு பொட்டுப் பவுடர் இல்லாமல் திரிந்திருக்கிறாள்! கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். தர்ஷினி பெஞ்சில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே தன் உள்ளங்கைகளை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னிடம்தான் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று அந்தப் பெண்ணே நம்பிவிட்டாள். அதை மாதேஸ்வரியால் தாங்க முடியவில்லை.

தகட்டை எடுத்துக்கொண்டு ராஜேஷ்குமாரிடம் போனாள்.

"சார், குழி என்னுதுங்க. அந்தப் பொண்ணுது இல்ல."

அவன் தகட்டைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான். "என்னாக்கா சொல்றீங்க? உங்க பேர்ல இதுவரைக்கும் ஒரு குழி கூட இல்லியே!"

"இப்ப இருக்குது. மொதல்ல அவளை உள்ள கூப்புடுங்க."

அவன் அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, என்னென்னவோ சொன்னான். இத்தனை டாங்க் வீணானது யாரால் என்று மேலே பேர் போயாக வேண்டும், பேர் போன ஆள் பெயின்ட் ஷாப்புக்குள் நிற்க முடியாது. புதுசாக வருகிற பெண்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுத்ததே மாதேஸ்வரிதான். அதனால் அவள் ஒன்றும் வாதாடவில்லை. அடுத்த நாளிலிருந்து பேக்கிங் பிரிவு என்றார்கள், தலையாட்டினாள். பிறகு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள்.

பேக்கிங்கில் அட்டைப் பெட்டிக்குள் டாங்கை வைத்து டேப் ஒட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் செய்கிற வேலை. அங்கே எல்லாப் பெண்களும் பவுடரும் பொட்டும் கனகாம்பரமுமாக வருவார்கள், யாரும் தடுப்பதில்லை. மாதேஸ்வரி மட்டும் கழுவின முகத்தோடே போய் வந்தாள். அங்கிருந்தவர்கள் வீட்டில் ஏதும் துக்கமா என்றுகூடக் கேட்டுவிட்டார்கள்.

ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் தர்ஷினி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "யக்கா, நிரந்தரம் ஆயிட்டேன்! இப்பத்தான் சொன்னாக." சொல்லிவிட்டு மாதேஸ்வரியின் வெறும் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. "என்னக்கா, இங்க எதுவும் தடை இல்லையே. இன்னும் எதுக்கு இப்படி இருக்க?"

"ஊருக்கெல்லாம் போட்டேன். எம்மூஞ்சிக்கு எப்பிடி போடறதுன்னு தெரியல" என்றாள் மாதேஸ்வரி. விளையாட்டாகத்தான் சொன்னாள், சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடினாள்.

சாயங்காலம் ஒரு வீட்டுக்கு மேக்கப் போட வேண்டியிருந்ததால் மை டப்பா பையில் இருந்தது. தர்ஷினி அதை எடுக்கக் கையை நீட்டினாள். நீட்டியவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். இன்னும் சற்று நேரத்தில் அவள் பெயின்ட் ஷாப்புக்குள் போக வேண்டும், பாஸான மை என்றாலும் கையில் ஒட்டியபடி உள்ளே போகக் கூடாது. இரண்டு எட்டு பின்னால் போய், கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

"நான் பாத்துச் சொல்லுதேன், நீ போடுக்கா. கண்ணாடி எதுக்கு, நான் இல்லையா?"

அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மாதேஸ்வரி ஈரக் கைக்குட்டையால் பவுடரை ஒற்றினாள். தர்ஷினி சொல்லச் சொல்ல மையைத் தொட்டு இமையில் வைத்தாள். "இன்னும் வெளிய இழு... போதும்... இடது கண்ணுக்கு வால் குட்டையா இருக்குக்கா, கொஞ்சம் மேல தூக்கு." சுற்றி உட்கார்ந்திருந்த பேக்கிங் பெண்கள் சாப்பாட்டை மறந்து பார்த்தார்கள். ஒருத்தி தன் பூவில் பாதியைக் கிள்ளி அவள் கொண்டையில் செருகிவிட்டாள்.

மாதேஸ்வரி நிமிர்ந்து, "எப்பிடிடி இருக்குது?" என்று கேட்டாள்.

தர்ஷினிக்குக் கண் நிறைந்து வழிந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ளக் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

மாதேஸ்வரி பதறி எழுந்து ஒதுங்கினாள். "கிட்ட வராதடி! மையும் பவுடருமா இருக்கேன். தள்ளியே நில்லு, நீ உள்ள போவணும்."