ஏரிக்கரையில் ஒரு பைப்பிங் இன்ஜினியர்

எங்கள் ஊரில் தீனதயாளனுக்கு 'இன்ஜினியர்' என்றுதான் பெயர். ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரை வைத்துக்கொண்டு அவன் அம்மா பாப்பாத்தி அவனைச் சிவில் படிக்க வைத்தாள். அவன் படித்து முடித்த வருஷம், வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனி ஒன்று சென்னையில் கோடி கோடியாகக் கொட்டி ஆபீஸ் திறந்தது. சிவிலோ மெக்கானிக்கலோ, வந்தவர்களையெல்லாம் பைப்பிங் வேலையில் உட்காரவைத்தது. அந்தச் சம்பளத்தில் பாதிகூட வேறு எங்கும் கிடையாது. அணையும் பாலமும் கட்டப் படித்த அறுபது பேர், வகுப்போடு எண்ணெய் வேலைக்குப் போனார்கள். பதினான்கு வருஷமாக அவன், தான் பார்த்தேயிராத ஒரு பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களுக்குத் தாங்குகால் வரைகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் மகனையும் அங்கேதான் சேர்க்கப் பார்த்தேன்.

போன கார்த்திகையில் அவன் லீவில் வந்திருந்தான். நான்கு நாள் மழை விடவில்லை, ஏரி நிரம்பி வழிந்தது. ஐந்தாம் நாள் காலை மதகுக்குப் பக்கத்தில் கரைக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. மணல் மூட்டை அடுக்கியும் நிற்கவில்லை. கரை உடைந்தால் கீழே கூலிக்காரர்களின் நாற்பது வீடு போகும். மதகைத் திறந்துவிட்டால் எங்கள் நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் இருக்காது. அந்த வருஷம் நடவே பிந்தியிருந்தது.

மதகைத் தொட வேண்டுமென்றால் பாசனக்காரர்கள் எல்லோரும் கரையில் நின்று ஒத்துக்கொள்ள வேண்டும். அது எங்கள் ஊர் வழக்கம். அன்று எல்லோரும் அவன் முகத்தைத்தான் பார்த்தோம்.

"இன்னாப்பா, கரை தாங்குமா?" என்றார் மதகு பார்க்கும் காசிநாதன்.

"தெரியலீங்க மாமா."

"இதுக்குத்தான படிச்ச நீ?"

கூடப் படித்தவர்களுக்குப் போன் போட்டான். நான்தான் குடை பிடித்தேன். ஒன்பது பேர், ஒன்பது பேரும் எண்ணெய்க் கம்பெனி. "மண்ணத் தொட்டே பதினஞ்சு வருஷமாச்சுடா" என்று ஒருவன் சொன்னது எனக்கே கேட்டது. தீனதயாளன் போனைச் சட்டைப்பையில் போட்டான். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"தொறந்துடுங்க" என்றான். "எனக்குத் தெரியல. ஆனா தொறந்துடுங்க."

திறந்தோம். பாதி ஏரி ஓடையில் போனது. கரை நின்றது. திறக்காமலே நின்றிருக்குமோ என்னவோ, அதை இனி யாராலும் சொல்ல முடியாது. அப்புறம் ஒரு சொட்டு மழை இல்லை.

மாசி மகத்துக்கு அவன் வந்தபோது பாப்பாத்தி அவனை வயலுக்குக் கூட்டிப்போனாள். திட்டவில்லை. ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் கசக்கி ஊதினாள். எல்லாம் பதர், கையில் ஒன்றும் நிற்கவில்லை.

"அறுபது பேரு படிச்சீங்களே தீனா," என்றாள். "ஒருத்தனுக்குக்கூடவா நம்ம ஏரி தெரியல?"

மறுநாள் ஆபீஸ் என்று அவன் அன்று மாலையே கள்ளக்குறிச்சி பஸ் ஏறினான்.