அட்டையில் ஏறிய எட்டு வயது

ஆதார் அட்டைப்படி முப்பிடாதியம்மாளுக்கு எழுபத்தெட்டு. உண்மையில் எழுபதுதான். அது மகள் விஜயராணிக்குத் தெரியும். நடுவில் இருக்கும் எட்டு வருடமும் அப்பா கணேசபாண்டியனின் கைவரிசை. தாராவியில் தோல் பட்டறைக்குப் போய்வந்தவர், ஊருக்குப் போகும் ரயிலில் வயதானவர்களுக்கான சலுகை டிக்கெட்டுக்காக ரேஷன் கார்டில் மனைவியின் ஐம்பத்து நான்கை அறுபத்திரண்டாக்கினார். பின்னால் வந்த எல்லா அட்டைகளிலும் அதுவே ஏறிவிட்டது. அவருக்கே அப்போது அறுபதுதான். அதற்குப் பிறகு சாப்பிட உட்காரும்போதெல்லாம், "யக்கா, சோறு போடுதியளா?" என்பார். "இரு தம்பி, உலை கொதிக்கட்டும்" என்பாள் அம்மா.

அவர் போய் ஆறு வருடம் ஆகிறது.

தீபாவளிக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. குழாய் விட்டுப் பார்த்ததில் வயிற்றில் புற்றுநோய். செம்பூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சாயிமா ஒளிக்காமல் இந்தியில் சொன்னார். வேறெங்கும் பரவவில்லை, முக்கால் வயிற்றை எடுத்துவிட்டால் சில வருடங்கள் கிடைக்கலாம். உடம்பு தாங்காமல் போகவும் கூடும். எடுக்காவிட்டால் ஒரு வருடம் ஓடினால் பெரிது.

கல்யாணிலிருந்து வந்திருந்த தம்பி பேச்சிராஜா வெளியே வந்ததும் ஆரம்பித்தான். "எழுபத்தெட்டு வயசுல கத்தி வைக்கணுமாக்கா? நிம்மதியா இருக்கட்டும்."

"எழுபதுல."

"கார்டுல அப்படியா இருக்கு?"

பெஞ்சில் இருந்த அம்மா தலை நிமிரவில்லை. "அவன் சொல்லுததும் சரிதான் ஏட்டி. ஒங்கப்பா எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும். நானும் போய்ச் சேருதேன். அங்க அவருக்குச் சோறு போட யாரு இருக்கா?"

விஜயராணி இருவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போய் டாக்டரிடம் வயதுக் கதையைச் சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டார். அட்டையில் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டேன், உடம்பு என்ன சொல்கிறது என்று பார்க்கவேண்டும் என்றார். வீடு எப்படி என்று கேட்டார். மேல்மாடி அறை, இரும்பு ஏணி, பதினோரு படி. போன மாதம்வரை அம்மாதான் தண்ணீர்க் குடத்தோடு ஏறினாள். அப்படியானால் இந்த இரண்டு மாடியை நிற்காமல் ஏறட்டும், பார்க்கலாம் என்றார் டாக்டர்.

"அம்மாவால முடியாது டாக்டர்" என்றான் பேச்சிராஜா இந்தியில்.

அம்மாவுக்கு அந்த அளவு இந்தி தெரியும். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ லிஃப்டுல வால" என்று சேலையைத் தூக்கிச் செருகினாள்.

விஜயராணி இரண்டு கைகளையும் ஏந்தியபடி பின்னாலேயே ஏறினாள். கைக்கு வேலை வரவில்லை. மேலே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா, மூச்சு அடங்கும்வரை ஜன்னல் வழியாக ரயில்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்போலதான் இருக்கு. அந்த மனுசன் எழுதுனது பொய்யின்னு டாக்டரம்மாகிட்ட அடிச்சுச் சொல்லிரு. அவரு கோவிக்க மாட்டாரு."

மூன்று வாரம் முட்டையும் கஞ்சியும் நடையுமாக உடம்பைத் தேற்றினார்கள். அறுவை நல்லபடியாக முடிந்தது. பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள். ஒரு நாளைக்கு ஆறு வேளை, வேளைக்கு அரை டம்ளர். "பிள்ளைக்கு ஊட்டுத மாதிரி ஊட்டுதியே" என்று அலுத்துக்கொண்டே குடிப்பாள். நான்காம் மாதம் ஏணியில் தானாக இறங்கித் தெருக்குழாய்வரை போய்வந்தாள். மிளகாய்ப் பொடி தொட்டு ஒரு இட்லியை முழுதாகத் தின்ற நாளில், தெருவெல்லாம் கூப்பிட்டுச் சொன்னாள்.

பதினோராம் மாதம் நோய் கல்லீரலில் திரும்பி வந்தது. அதற்குமேல் வெட்ட எதுவும் இல்லை.

மயானத்தில் அட்டையைப் பார்த்து எழுபத்தொன்பது என்று எழுதினார்கள். துக்கத்துக்கு வந்தவர்களும், நிறைந்த வயது, கல்யாணச் சாவு என்றே ஆறுதல் சொன்னார்கள். விஜயராணி யாரையும் திருத்தவில்லை. நான்கு மணியானால் கை மட்டும் கஞ்சி டம்ளரைத் தேடியது.

பதினாறு கழிந்து குழாயடியில் நின்றபோது, பக்கத்து வீட்டு மாரீஸ்வரியும் அதையே சொன்னாள். "எண்பதைத் தொட்டுட்டாவ. இதுக்கு மேல என்ன வேணும்?"

"எழுபத்தொண்ணுதான் மாரி."

மாரீஸ்வரி அவள் தோளைத் தடவிக்கொடுத்தாள். "அழுது அழுது ஒனக்கு எல்லாம் குழம்பிப்போச்சுக்கா."

விஜயராணி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏணியை நோக்கி நடந்தாள்.