தோளில் வாங்கிய உதை

போர்ட் கிள்ளானில் ஆறு நாள் கன்டெய்னர் லோரி ஓட்டிவிட்டு, ஏழாம் நாள் செமினிக்குப் போய்த் தோளில் உதை வாங்கிக்கொண்டு வருவேன். அங்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்பனைத் தோட்டம். காட்டுப்பன்றிகள் இளங்கன்றுகளின் குருத்தைத் தின்று தீர்ப்பதால் துப்பாக்கிக்கு லைசன்ஸ் கிடைத்தது. ஒற்றைக்குழல், எடை குறைவு. துப்பாக்கி இலேசாக இருந்தால் பின்னுதை பலமாக இருக்கும் என்பதை ஐம்பத்தைந்து வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

உதைக்குப் பயந்து, முகம் துடைக்கும் துண்டை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தேன். துண்டு நழுவியது, துப்பாக்கியின் பின்கட்டை புஜத்தில் இடித்தது. பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். அடுத்த முறை, தோளில் பட்டும் படாமலும் பிடித்தேன். அது இன்னும் மோசம்.

வலிகூடப் பரவாயில்லை. அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு பன்றியைக் காயப்படுத்தி ஓடவிட்டேன். ஞாயிறுதோறும் சேர்ந்து பன்றி சுடப் போகும் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம்: காயம்பட்டதைச் சுட்டவனே தேட வேண்டும், அவன் திரும்பும்வரை யாரும் காலைச் சாப்பாட்டுக்கு வாங்கிவந்த நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பதில்லை. முதல் பன்றியை மூன்று மணி நேரம் கழித்து ஓடைக்கரையில் கண்டேன். உயிர் இருந்தது. என்னைப் பார்த்தது. இரண்டாவது கிடைக்கவே இல்லை. மத்தியானம் தாண்டி வெறுங்கையோடு வந்தபோது, பசியோடு இருந்தவர்கள் முதல் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்கள். திட்டியிருந்தால் தேவலாம்.

"இன்னொன்ன இப்படி அரைகுறையா விட்டா, லைசன்ஸ திருப்பிக் குடுத்துடுவேன் மச்சான்" என்றேன், கூட்டத்தில் ஒருவரான என் மனைவியின் அண்ணனிடம்.

அவர் என் துப்பாக்கியை வாங்கித் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். "அந்த மரத்துல சாத்தியிருக்கிற அட்டையச் சுடுங்க மாப்ள."

விசையை இழுத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் குழல் ஒரு சாண் கீழே போயிருந்தது. கண்ணையும் மூடியிருந்தேன்.

"காலித் தோட்டா லா. ஒதைக்கவே இல்ல, அதுக்குள்ள பயந்துட்டீங்க."

என்மேலேயே கோபம் முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் குறி தவறியதற்குத் தோளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேனே!

அவர் சொன்னபடி கட்டைக்கு ரப்பர் மெத்தை போட்டேன், வெடிமருந்து குறைவான தோட்டா வாங்கினேன், சுடும்போது காதுக்கு மூடி போட்டுக்கொண்டேன். பாதி உதை சத்தத்தில்தான் இருக்கிறதாம். கட்டையைத் தோள்குழியில் இறுக்கி, கன்னத்தைப் பதித்து, இடது காலை முன்வைத்துச் சாய்ந்து நிற்க வேண்டும். வேலை முடிந்து உடம்பு துவண்டு வந்தாலும் வீட்டில் காலித் தோட்டாவோடு தினமும் பழகினேன். "சாமி படத்துப் பக்கம் நீட்டாதீங்க" என்று மனைவி சத்தம் போடுவாள்.

ஒன்றரை மாதம் போயிற்று. ஒரு ஞாயிறு காலை, செம்பனை வரிசையின் கோடியில் பெரிய ஆண்பன்றி ஒன்று பக்கவாட்டில் வந்து நின்றது. சுட்டேன். நின்ற இடத்திலேயே விழுந்தது, கால்கூட உதறவில்லை. மூச்சில்லை என்று நிச்சயமாகும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

"தோள் வலிக்குதா மாப்ள?"

வலியே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். இவ்வளவுதானா, இந்த ஒன்றரை மாதத்தை முதலிலேயே செலவழித்திருந்தால் ஓடைக்கரையில் அந்த முதல் பன்றி மூன்று மணி நேரம் கிடந்திருக்காதே என்றுதான் அழுதேன்.