மாணிக்கம் போடாத கோல்கள்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் ஊரான காஜா பெராங்கின் கால்பந்துத் திடலில் கோல் போடுவது நான்தான். மாணிக்கம் நடுத்திடலில் தடுத்து ஆடுவான். எதிரியிடமிருந்து பந்தைப் பறித்ததும் "போ லா" என்பான். நான் ஓடினால் பந்து என் காலடிக்கு வந்துவிடும்.

ஒருநாள் ஜப்பானியரின் மொழிபெயர்ப்பாளர், குழுத் தலைவனான என்னிடம் வந்தார்.

"சயாம் காட்டுல ரயில் பாதை போடுற வேலைக்கு உங்க ஆளுங்கள்ல ஒருத்தன் வேணுமாம். யாரை விடலாம் தம்பி?"

"மாணிக்கம் போகட்டும். அவன் ஒரு கோல்கூட போட்டதில்ல."

இது மாணிக்கத்துக்குத் தெரியாது. லாரியில் ஏறும்போது என் தோளைத் தொட்டான்.

"என் இடத்துல ஆடுறவன்கிட்ட சொல்லிடு லா, நீ இடது பக்கமாத்தான் ஓடுவேன்னு. பந்தை அங்க முன்கூட்டியே போடணும்."

புதியவனிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் என் கோல்கள் யாருடையவை என்று தெரிந்துவிடும்.

அடுத்த ஆட்டத்தில் இடது பக்கமாக ஓடி ஓடி நின்றேன். ஒரு பந்தும் வரவில்லை.

சண்டை முடிந்தபின் சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். மாணிக்கம் வரவில்லை.

ஊரில் இன்றும் என் கோல்களைப் பற்றிப் பேசுவார்கள். அவனை அனுப்பியது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் இதுவரை சொன்னதில்லை.