முழங்கை உயரம்

பட்டறைத் தெருவில் அவரை எல்லோரும் மிஷின்காரர் என்றே கூப்பிட்டார்கள். சிறுதானியத்தின் உமி நீக்கும் எந்திரம் செய்பவர். ஆலைக்கு மூட்டை சுமந்து போய்க் காத்துக் கிடக்க முடியாத சின்ன விவசாயிகளுக்கான எந்திரம் அது. நான்கு இரும்புக் கால், இரண்டு ரப்பர் உருளை, உமியை ஊதித் தள்ள ஒரு விசிறி, வீட்டு மின்சாரத்தில் ஓடும் மோட்டார். அவ்வளவுதான்.

முதல் எந்திரத்தை மனைவிக்காகத்தான் செய்தார். தானியம் குத்திக் குத்தி அவளுக்குத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. அவள் நல்ல நெட்டை. “கூரை ஓட்டையை அடைக்க இவங்க வீட்டுக்கு ஏணியே வேணாம்” என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள். வெறுங்காலோடு அவளைச் சுவரோரம் நிறுத்தி, ஒரு கம்பியில் அவள் முழங்கை உயரத்துக்கு அரத்தால் கோடு போட்டார். தானியம் கொட்டும் வாய் அங்கே இருந்தால் தோள் நோகாது.

“இன்னும் கொஞ்சம் தூக்குங்க” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எந்திரம் ஓடத் தொடங்கிய அதே மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். கம்பி மட்டும் பட்டறை மூலையில் சாய்ந்து நின்றது.

பிறகு வந்த எந்திரங்கள் எல்லாவற்றுக்கும் அந்தக் கம்பிதான் அளவு. வெல்டிங் சத்தம் அடங்கியதும் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்கும்: இன்னும் கொஞ்சம் தூக்குங்க. அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் குரல் நின்றுவிடுமோ என்று பயம். முடித்து நிறுத்திய எந்திரங்களுக்குப் பின்னால், ஆள் நின்று தானியம் கொட்டும் இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவார். பெயின்ட் அடிக்கும் மகள் அதைக் கவனித்திருந்தாள். கேட்டதில்லை.

ஒருநாள், எந்திரம் வாங்கிப்போன பெண் ஒருத்தி அதை வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தாள். குள்ளமான உருவம். கையில் இரண்டு செங்கல்.

“அண்ணே, இதை எந்த ஒட்டகச்சிவிங்கிக்கு அளவெடுத்துச் செஞ்சீங்க?”

மகள் தலை குனிந்துகொண்டாள்.

“உமி நல்லாத்தான் போவுது. ஆனா இந்தக் கல்லு மேல ஏறி நின்னுதான் கொட்ட வேண்டியிருக்கு. நேத்து கல்லு புரண்டுடுச்சு. உருளை கையை இழுத்துடுச்சு, ஏதோ சட்டைக் கை கிழிஞ்சதோட தப்பிச்சேன்.” கிழிந்த சட்டைக்குக் கீழே முன்கையில் ரப்பரின் கறுப்பு இன்னும் போகவில்லை.

“அந்த உயரம் தோளுக்கு நல்லதும்மா” என்றார் அவர்.

“யாரு தோளுக்கு?”

மகள்தான் வாயைத் திறந்தாள். “அப்பா, பெல்ட் மாத்தப் போன வீட்டுல எல்லாம் பாக்கறேன். மிஷினுக்குப் பக்கத்துல செங்கல் கிடக்கு. உங்ககிட்ட சொல்லத்தான் மனசு வரல.”

மூலையில் நின்ற கம்பியைப் பார்த்தார். பிறகு எந்திரத்தைச் சாய்த்து, நான்கு காலிலும் மனசே இல்லாமல் விரலகலம் அறுத்தார். துண்டுகள் கணகணவென்று விழுந்தன. எந்திரத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, பழக்கப்படி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. அறுப்பு மிஷினின் சக்கரம் சுற்றி ஓயும் சத்தமும் நின்று, பட்டறை அப்படியே அடங்கிப்போனது.

“இன்னும் கொஞ்சம் எறக்குங்க.”

இந்த முறை திரும்பிவிட்டார். அவர் மிதிக்காமல் விட்டுவைத்த இடத்தில் அந்தக் குள்ளப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

“செருப்பைக் கழட்டிட்டு நில்லும்மா” என்றார், வேறொரு கம்பியை எடுத்தபடி.